ஃப்ளையிங் ஆஃபிசர் நிர்மல்ஜித் சிங் செகோன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதான பரம் வீர் சக்ராவை விமானப்படையில் இதுவரை பெற்றவர் ஒரே ஒருவர்தான். அவர் ஃப்ளையிங் ஆஃபிசர் நிர்மல்ஜித் சிங் செகோன். 1971 டிசம்பர் 14 அன்று காலை, ஸ்ரீநகர் விமானத் தளத்தை ஆறு பாகிஸ்தானிய சேபர் விமானங்கள் தாக்கிக்கொண்டிருந்தபோது, குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த ஓடுதளத்திலிருந்தே தம் சிறிய நேட் விமானத்தை மேலே கிளப்பிச் சென்று போரிட்டு உயிர் நீத்தவர். அவரைப் பற்றிச் சொல்லப்படுபவற்றில் சில செய்திகள் மிகையானவை. சில பாதியோடு நின்றுபோனவை. மாணவர்களும் போர் வரலாற்றில் ஆர்வம் கொண்டவர்களும் பெரும்பாலும் எழுப்பும் கேள்விகளுக்கு, உறுதியாகத் தெரிந்தவற்றைக் கொண்டு கீழே விடை தரப்பட்டுள்ளது.

செகோன் எந்த ஊரைச் சேர்ந்தவர்? அவருடைய பின்னணி என்ன?

பஞ்சாப் மாநிலம் லூதியானா மாவட்டத்தில் உள்ள இசேவால் என்ற கிராமம் அவருடைய சொந்த ஊர். பிறந்த நாள் ஜூலை 17. தந்தை தர்லோக் சிங் செகோனும் விமானப்படையில் பணியாற்றியவர் என்பதால், சீருடையும் விமானத் தளமும் அந்த வீட்டுக்குப் புதியவை அல்ல. 1967 ஜூன் 4 அன்று செகோன் விமானப்படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். பின்னர் நேட் விமானங்களை இயக்கிய 18-ஆம் ஸ்குவாட்ரனில் (விமானப்படைப் பிரிவில்) இடம்பெற்றார். சக விமானிகள் அவரை ‘பிரதர்’ என்றே அழைத்தனர். போர் மூண்டபோது அவர் தம் இருபதுகளில் இருந்தார். திருமணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன.

‘ஃப்ளையிங் ஆஃபிசர்’ என்பது பதவியா, பணியின் பெயரா?

பதவிதான். விமானப்படை அதிகாரிகளின் படிநிலையில் மிகத் தொடக்கத்தில் வருவது. தரைப்படையின் லெப்டினென்ட் பதவிக்கு இணையானது. அதற்கு மேல் ஃப்ளைட் லெப்டினென்ட், ஸ்குவாட்ரன் லீடர், விங் கமாண்டர் என்று வரிசை செல்கிறது. செகோன் ஒரு படைப்பிரிவின் தலைவரோ, பல போர்களில் பழுத்த மூத்த விமானியோ அல்லர் என்பதை இந்தப் பதவியே காட்டிவிடுகிறது. அன்று காலை அவர் பறந்தது இரண்டு விமானங்கள் கொண்ட அணியில் இரண்டாவது விமானியாக. அணித் தலைவரைப் பின்தொடர்ந்து அவருடைய முதுகைக் காப்பதுதான் இரண்டாவது விமானியின் வழக்கமான கடமை.

அந்தப் போரில் ஸ்ரீநகர் ஏன் அவ்வளவு முக்கியமானதாக இருந்தது?

1971 டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானப்படை, அமிர்தசரஸ், பதான்கோட், ஸ்ரீநகர் உள்ளிட்ட இந்திய விமானத் தளங்களின் மீது ஒரே நேரத்தில் தாக்குதல் தொடுத்தது. முழுப் போர் அங்கிருந்துதான் தொடங்கியது. கிழக்கில் வங்காளதேசத்தின் விடுதலைக்காக நடந்த போர் நம் நினைவில் அதிகம் நிற்கிறது. மேற்கிலும் வடக்கிலும் அதே நாட்களில் கடும் சண்டை நடந்துகொண்டிருந்தது. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு குளிர்காலத்தில் சாலை வழியாக எளிதில் எட்ட முடியாத பகுதி. அங்குள்ள படைகளுக்கு ஆளும் பொருளும் விரைந்து வந்து சேர ஸ்ரீநகர் விமானத் தளம் உயிர்நாடியாக இருந்தது. அதன் ஓடுதளத்தைச் சிதைத்துவிட்டால் பள்ளத்தாக்கின் வான் தொடர்பையே முடக்கிவிடலாம் என்பதால்தான் பாகிஸ்தான் அதைத் திரும்பத் திரும்பக் குறிவைத்தது.

அவ்வளவு முக்கியமான தளத்தில் போருக்கு முன்பு போர் விமானங்களே இல்லை என்பது உண்மையா?

உண்மை. செகோனுக்கு விருது வழங்கியபோது வெளியிடப்பட்ட அரசின் அதிகாரப்பூர்வ அறிவிப்பே இதைத் தெளிவாகக் குறிப்பிடுகிறது. 1948-ஐ ஒட்டிய பன்னாட்டு உடன்படிக்கை ஒன்றின்படி, பகை மூளும் வரை ஸ்ரீநகரில் வான்காப்பு விமானங்களை நிறுத்தி வைக்க முடியாது. ஆகவே 18-ஆம் ஸ்குவாட்ரனின் நேட் விமானங்கள் அங்கு வந்து சேர்ந்ததே போர்ச் சூழல் உருவான பிறகுதான்.

இதன் விளைவை விமானியின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். பஞ்சாப் சமவெளியின் வானில் பழகியவர்கள், நான்கு புறமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள தளத்திலிருந்து, டிசம்பர் மாதக் கடுங்குளிரில் இயங்க வேண்டியிருந்தது. உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. ஜெட் எஞ்சினின் உந்துவிசை அதனால் குறைகிறது. தரையை விட்டு எழ ஓடுதளத்தில் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருக்கிறது. காலையில் பள்ளத்தாக்கை மூடிக்கொள்ளும் மூடுபனியில் எந்த மலை எங்கே இருக்கிறது என்பது அந்த இடத்தில் நீண்ட காலம் பறந்தவருக்கே கைவரும். இந்த நிலப்பரப்பு செகோனுக்குப் பழக்கமற்றது என்றும், அந்த உயரத்துக்கும் குளிருக்கும் உடல் பழகியிருக்கவில்லை என்றும் அதே அறிவிப்பு கூறுகிறது. அதற்கு நடுவிலும் அவரும் அவருடைய தோழர்களும் வந்த தாக்குதல்களை ஒவ்வொன்றாக எதிர்கொண்டு வந்தார்கள்.

அவர் ஓட்டிய நேட் விமானம் எப்படிப்பட்டது?

பிரிட்டனின் ஃபாலண்ட் நிறுவனம் உருவாக்கிய இலகுவகைப் போர் விமானம் நேட். அதன் வடிவமைப்பாளர் டெடி பெட்டர். போர் விமானங்கள் ஆண்டுக்கு ஆண்டு எடையும் விலையும் கூடிக்கொண்டே போன 1950-களில், சிறிய, மலிவான, வேகமான விமானம் ஒன்றே போதும் என்று வாதிட்டவர் அவர். நேட் 1955 ஜூலை 18 அன்று முதன்முதலாகப் பறந்தது. பிரிட்டன் அதைப் பயிற்சி விமானமாக மட்டுமே பெரிய அளவில் ஏற்றுக்கொண்டது. அதைப் போர் விமானமாக நம்பி வாங்கிப் பெருமளவில் பயன்படுத்திய நாடு இந்தியா. பெங்களூருவில் உள்ள எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) நிறுவனம் உரிமம் பெற்று நூற்றுக்கும் மேற்பட்ட நேட் விமானங்களைக் கட்டியது.

சுமார் ஒன்பது மீட்டர் நீளம், ஏழு மீட்டருக்கும் குறைவான இறக்கை அகலம் என்று அது உண்மையிலேயே மிகச் சிறியது. பக்கத்தில் நிற்கும் ஆள் கையை உயர்த்தினால் விமானி அமரும் கூண்டின் விளிம்பை ஏறத்தாழத் தொட்டுவிடலாம். காற்று உள்ளே செல்லும் இரு பக்க வாய்களின் ஓரத்தில் 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கிகள் இரண்டு பொருத்தப்பட்டிருந்தன. இடம் குறைவு என்பதால் தரையிறங்கும் சக்கரங்களையே பாதி இறக்கி, காற்றில் வேகத்தைக் குறைக்கும் தடையாகவும் பயன்படுத்தும்படி அமைத்திருந்தார்கள். சிறிய உருவம் எதிரியின் கண்ணில் எளிதில் படாது. எடை குறைவு என்பதால் வேகம் சட்டென்று கூடும். மேலே ஏறுவதிலும் சளைக்காது. குறைகளும் இருந்தன. பீரங்கிகள் சுடும்போது சிக்கிக்கொள்வது ஒன்று. வால்பகுதிக் கட்டுப்பாட்டை இயக்கும் ஹைட்ராலிக் அமைப்பு தரும் தொல்லை மற்றொன்று; இரண்டாவது குறை பல விபத்துகளுக்குக் காரணமானது. நேட் ஓட்டிய விமானிகள் அந்த விமானத்தை எவ்வளவு நேசித்தார்களோ அவ்வளவு எச்சரிக்கையோடும் அதைக் கையாண்டார்கள்.

சேபரோடு ஒப்பிட்டால் எது மேலானது?

ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லக்கூடிய கேள்வி அல்ல இது. அமெரிக்காவின் எஃப்-86 சேபர், கொரியப் போரில் பெயர் பெற்ற விமானம். 12.7 மில்லிமீட்டர் இயந்திரத் துப்பாக்கிகள் ஆறு கொண்டது. விமானி நன்றாகச் சுற்றும் முற்றும் பார்க்கக்கூடிய கூண்டு உடையது. குறைந்த வேகத்தில் நெருக்கமாக வட்டமடித்துத் திரும்புவதில் வல்லது. நேட்டின் பலம் வேகத்தைக் கூட்டுவதிலும் செங்குத்தாக ஏறுவதிலும் இருந்தது. 1965 போரில் நேட் விமானங்கள் சேபர்களை வீழ்த்தியதை ஒட்டி அதற்குச் ‘சேபர் ஸ்லேயர்’ என்ற பட்டப்பெயர் வந்தது. 1971 நவம்பர் 22 அன்று, முழுப் போர் தொடங்குவதற்கு முன்பே, வங்காள எல்லையில் பொய்ரா என்ற இடத்தின் வானில் 22-ஆம் ஸ்குவாட்ரனின் நேட் விமானங்கள் இரண்டு சேபர்களை வீழ்த்தின. அதில் பிடிபட்ட விமானிகளில் ஒருவரான பர்வேஸ் மெஹ்தி குரேஷி, பிற்காலத்தில் பாகிஸ்தான் விமானப்படையின் தலைமைத் தளபதியாகவே உயர்ந்தார்.

ஆனால் ஸ்ரீநகரில் நடந்தது சமநிலையில் தொடங்கிய சண்டை அன்று. நேட்டின் சிறப்புகளான உயரமும் வேகமும் செகோனின் கையில் அப்போது இல்லை. தரையிலிருந்து எழும் விமானத்துக்கு வேகமும் குறைவு, உயரமும் கிடையாது. எதிரிக்கோ அவை இரண்டும் இருந்தன. நேட்டா, சேபரா என்று விவாதிப்பவர்கள் பலரும் இந்த இடத்தைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

டிசம்பர் 14 காலை என்னதான் நடந்தது?

பெஷாவரிலிருந்து பாகிஸ்தான் விமானப்படையின் 26-ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த ஆறு சேபர்கள், விங் கமாண்டர் சங்கேஸியின் தலைமையில் ஸ்ரீநகரை நோக்கிப் புறப்பட்டன. அவற்றில் நான்கு குண்டுகளைச் சுமந்து வந்தன. மற்ற இரண்டும் அந்த நான்குக்கும் காவலாக வந்தன. ஸ்ரீநகரில் எந்நேரமும் எழத் தயாராக வைக்கப்பட்டிருந்த நேட் இணையில் ஃப்ளைட் லெப்டினென்ட் குமன் தலைவர். செகோன் அவருக்கு இரண்டாவது. காலை வேளையின் மூடுபனி இன்னும் விலகியிருக்கவில்லை.

எச்சரிக்கை வந்ததற்கும் எதிரி விமானங்கள் தலைக்கு மேல் வந்ததற்கும் இடையே இருந்த அவகாசம் மிகச் சொற்பம். குமனின் நேட் முதலில் ஓடத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து செகோனின் விமானம். ஓடுதளத்தில் ஒரு விமானம் வேகமெடுத்துச் செல்லும்போது முன்னால் எழும் புழுதி அடங்கும் வரை பின்னால் வருபவர் சிறிது காத்திருக்க நேரிடும். அந்த இடைவெளியில்தான் முதல் குண்டுகள் ஓடுதளத்தில் விழத் தொடங்கின. செகோனுக்கு அந்த நொடியில் வேறு வழிகள் இருந்தன. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடியிருந்தால் எந்த விசாரணையும் அவரைக் குறை கூறியிருக்காது. ஓடுதளத்தில் வேகமெடுக்கும் விமானம் வளையவும் முடியாது, நிற்கவும் முடியாது. நேர்கோட்டில் போயாக வேண்டும். முன்னால் ஒரு குழி விழுந்திருந்தால் அதோடு முடிந்தது. மேலிருந்து சுடுபவருக்கு அதைவிட எளிதான இலக்கு கிடைக்காது. இவ்வளவும் தெரிந்தும், வெடிப்புகளுக்கு நடுவே அவர் விமானத்தை எழுப்பினார்.

எழுந்ததும் அவர் தப்பிச் செல்லவோ உயரம் தேடி விலகிச் செல்லவோ இல்லை. குண்டு வீசிவிட்டு மீண்டும் தாக்க அணிவகுத்துக்கொண்டிருந்த இரு சேபர்களின் பின்னால் திரும்பினார். இரண்டு சேபர்களுக்குப் பின்னால் தாம் இருப்பதாகவும், அவற்றைத் தப்பவிடப் போவதில்லை என்றும் அவர் ரேடியோவில் அறிவித்ததைத் தளத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள். நேட்டின் பீரங்கி ஒலியும் கேட்டது. பின்பு மற்ற சேபர்கள் தம் தோழர்களைக் காக்கத் திரும்பிவந்தன. செகோன் ஒரு சேபரைத் துரத்த, இன்னொரு சேபர் செகோனைத் துரத்த, மரங்களின் உச்சியை உரசும் உயரத்தில் அந்தச் சண்டை வட்டமிட்டது. இறுதியில், தம் விமானம் அடிபட்டுவிட்டதென்றும் குமன் வந்து எதிரிகளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னதே ரேடியோவில் கேட்ட அவருடைய கடைசிச் செய்தி.

குமன் ஏன் உதவிக்கு வரவில்லை? செகோனைத் தனியே விட்டுவிட்டாரா?

இந்தக் கேள்வி அடிக்கடி குற்றச்சாட்டுத் தொனியிலேயே கேட்கப்படுகிறது, அது நியாயமன்று. முன்னால் எழுந்த விமானத்துக்கும் பின்னால் எழுந்த விமானத்துக்கும் நடுவே குண்டுவீச்சு புகுந்துவிட்டது. மூடுபனியும் புழுதியும் கலந்த வானில், நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் பறக்கும் இரு சிறிய விமானங்கள் ஒன்றையொன்று கண்ணால் தவறவிட்டால், மறுபடி கண்டுபிடிப்பது எளிதான செயலே அல்ல. நேட்டில் எதிரியைக் காட்டித் தரும் நவீன ரேடார் ஏதும் கிடையாது. விமானியின் கண்தான் எல்லாம். எதிரியின் கண்ணுக்குத் தப்ப உதவிய அதே சிறிய உருவம், தோழனின் கண்ணுக்கும் அன்று எட்டாமல் போனது. சாதாரண நாளில் இரண்டு பேராகச் சேர்ந்து போரிட்டிருக்க வேண்டியவர், அந்தச் சூழலால் தனி ஒருவராகப் போரிட நேர்ந்தது.

செகோன் எத்தனை சேபர்களை வீழ்த்தினார்?

இரு நாட்டுப் பதிவுகளும் இதில் ஒத்துப்போவதில்லை என்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். இந்திய அரசின் விருது அறிவிப்பு, அவர் ஒரு சேபரின் மீது குண்டுகளைப் பாய்ச்சினார் என்றும், இன்னொன்றைத் தீப்பற்றச் செய்தார் என்றும் கூறுகிறது. பாகிஸ்தான் தரப்போ தன் ஆறு சேபர்களும் தளம் திரும்பிவிட்டதாகவே கூறிவருகிறது. ‘ஆறு விமானங்களையும் விரட்டியடித்தார்’, ‘நான்கை வீழ்த்தினார்’ என்றெல்லாம் சமூக வலைத்தளங்களில் சுற்றும் செய்திகளுக்கு இந்தியாவின் அதிகாரப்பூர்வப் பதிவிலேயே ஆதாரம் இல்லை. அவற்றைப் பகிராமல் இருப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

இந்த எண்ணிக்கைச் சர்ச்சையால் செகோனின் வீரம் இம்மியும் குறைவதில்லை. வான்போரில் வீழ்த்தியதாகச் சொல்லப்படும் எண்ணிக்கையும் பின்னர் உறுதியாகும் எண்ணிக்கையும் வேறுபடுவது எந்த நாட்டுப் போரிலும் வழக்கம்தான். அடிபட்டுப் புகை கக்கும் விமானம் வீழ்ந்துவிட்டதாகத் தோன்றும். அது தட்டுத்தடுமாறி ஊர் போய்ச் சேர்ந்திருக்கவும் கூடும். செகோனின் விருதுக்கு அடிப்படை, உயிர் பிழைக்க வாய்ப்பில்லை என்று தெரிந்த நிலையிலும் அவர் எழுந்து சென்றதும், எண்ணிக்கையில் விஞ்சிய எதிரியை விடாமல் பற்றி நின்றதும் ஆகும். அந்த இரண்டையும் எந்தத் தரப்பும் மறுக்கவில்லை.

அவருடைய விமானம் எப்படி வீழ்ந்தது?

நான்கு சேபர்களுக்கு எதிராக ஒரு நேட் என்ற நிலை ஏற்பட்ட பிறகு, ஃப்ளைட் லெப்டினென்ட் சலீம் பேக் என்ற பாகிஸ்தானிய விமானியின் குண்டுகள் செகோனின் விமானத்தைத் தாக்கின. அடிபட்ட நேட் சிறிது நேரம் நேராகப் பறந்தது. பிறகு தலைகீழாகக் கவிழ்ந்து கீழே பாய்ந்தது. விமானத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு செயலிழந்ததே அதற்குக் காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. கூண்டின் மேல்மூடி பிய்ந்து பறந்ததைக் கண்டவர்கள் உண்டு. ஆகவே கடைசி நேரத்தில் அவர் இருக்கையோடு வெளியே குதிக்க முயன்றிருக்கிறார் என்று கொள்ளலாம். ஆனால் வான்குடை விரிவதற்கு வேண்டிய உயரம் அங்கே இல்லை.

அவருடைய உடல் கிடைத்ததா?

கிடைக்கவில்லை. விமானத்தின் சிதைவுகள் ஸ்ரீநகர் நகருக்கும் விமானத் தளத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் ஒரு பள்ளத்தாக்கில் கண்டெடுக்கப்பட்டன. தரைப்படையும் விமானப்படையும் பலமுறை தேடியும் மலைப்பாங்கான அந்த நிலத்தில் உடல் அகப்படவே இல்லை. அவர் இறந்து இரண்டு நாட்களில், டிசம்பர் 16 அன்று, டாக்காவில் பாகிஸ்தான் படைகள் சரணடைந்தன. அதற்கு மறுநாள் மேற்கிலும் போர் நின்றது. இன்னும் மூன்றே நாட்கள் என்ற நினைப்பு, அந்தக் குடும்பத்தை ஆயுள் முழுவதும் எப்படி வாட்டியிருக்கும் என்பதைச் சொற்களில் கொண்டுவர முடியாது.

எதிர்த்துப் போரிட்ட பாகிஸ்தானியர்கள் அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?

பாகிஸ்தான் விமானப்படையின் ஓய்வு பெற்ற அதிகாரியும் வான்போர் வரலாற்றை ஆராய்பவருமான கைஸர் துஃபைல் இந்தச் சண்டையைத் தம் நாட்டு விமானிகளின் பார்வையிலிருந்து விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். சேபர்களின் இழப்பு பற்றி அவர் இந்தியத் தரப்போடு உடன்படவில்லை. ஆயினும் தாக்குதலுக்கு நடுவே தனியாக எழுந்து வந்து மோதிய விமானியின் துணிவை அவர் மறைக்கவில்லை. எதிரி நாட்டுப் பதிவிலும் ஒரு வீரனின் துணிவு இடம்பெறுவது எளிதில் நடப்பதன்று.

பரம் வீர் சக்ரா எப்போது வழங்கப்பட்டது? அந்தப் பதக்கம் எப்படி இருக்கும்?

1972 குடியரசு நாளை ஒட்டி, இறப்புக்குப் பிந்தைய விருதாக வழங்கப்பட்டது. 1971 போருக்காக இந்த விருதைப் பெற்றவர்கள் நால்வர்: லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்கா, செகோன், செகண்ட் லெப்டினென்ட் அருண் கேத்ரபால், மேஜர் ஹோஷியார் சிங். இவர்களில் உயிருடன் இருந்து விருதைப் பெற்றவர் ஹோஷியார் சிங் மட்டுமே.

பதக்கம் வெண்கலத்தால் ஆன சிறிய வட்டம். நடுவில் அசோகச் சின்னம். அதைச் சுற்றி இந்திரனின் வஜ்ராயுதம் நான்கு முறை பொறிக்கப்பட்டிருக்கும். பின்புறம் இரண்டு தாமரை மலர்களுடன் விருதின் பெயர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். ஊதா நிற நாடாவில் தொங்கும் இந்தப் பதக்கத்தை வடிவமைத்தவர் சாவித்திரி கானோல்கர். ஐரோப்பாவில் பிறந்து, இந்தியத் தரைப்படை அதிகாரி ஒருவரை மணந்து, இந்தியாவையே தம் நாடாக ஏற்றுக்கொண்ட பெண்மணி அவர். பொன்னும் இல்லை, மணியும் இல்லை. பார்ப்பதற்கு மிக எளிமையான பதக்கம் இது.

விமானப்படையில் ஏன் ஒருவருக்கு மட்டும்?

1950-இல் தொடங்கப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதலான வீரச் செயல்களுக்கு உரியதாக்கப்பட்ட இந்த விருதை இதுவரை 21 பேர் மட்டுமே பெற்றிருக்கிறார்கள். அவர்களில் 20 பேர் தரைப்படையைச் சேர்ந்தவர்கள். கடற்படையில் ஒருவரும் இல்லை. தரைப்போரில் வீரரின் செயலை அருகிலிருந்து கண்டு சொல்லத் தோழர்கள் இருப்பார்கள். வான்போரில் பெரும்பாலானவை எதிரியின் எல்லைக்குள், சாட்சிகளின்றி நடந்து முடிகின்றன. செகோனின் போராட்டமோ தம் சொந்தத் தளத்தின் மேலேயே, நூற்றுக்கணக்கானோர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க நடந்தது. ரேடியோவில் அவர் குரலும் கேட்டது. இந்தக் காரணம் என் கருத்தே தவிர, அரசு சொன்ன விளக்கமன்று. மற்ற விமானிகளின் வீரம் குறைந்ததென்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அடுத்த உயரிய விருதான மகா வீர் சக்ராவை விமானப்படையினர் பலர் பெற்றிருக்கிறார்கள்.

அவருக்கு எங்கெல்லாம் நினைவுச் சின்னங்கள் உள்ளன?

லூதியானாவில் அவருடைய சிலை நிறுவப்பட்டுள்ளது. டெல்லியில் 2019-இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச் சின்னத்தில், பரம் வீர் சக்ரா பெற்றவர்களுக்கென அமைந்த பகுதியில் அவருடைய மார்பளவுச் சிலையைக் காணலாம். இந்தியக் கப்பல் கழகம் 1980-களில் தன் எண்ணெய்க் கப்பல்களுக்கு இவ்விருது பெற்றவர்களின் பெயர்களைச் சூட்டியபோது அவற்றில் ஒன்று செகோனின் பெயரைத் தாங்கியது. 2023 ஜனவரி 23 அன்று அந்தமான் நிகோபார் தீவுக் கூட்டத்தில் 21 தீவுகளுக்கு 21 வீரர்களின் பெயர்கள் வைக்கப்பட்டன. அவற்றுள் செகோன் தீவும் உண்டு. நேட் விமானத்தை நேரில் பார்க்க விரும்புவோர் டெல்லியின் பாலம் (Palam) பகுதியில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். அந்த விமானத்தின் அளவைக் கண்ணால் கண்ட பிறகு, டிசம்பர் 14 நிகழ்வை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

அவருடைய 18-ஆம் ஸ்குவாட்ரன் இப்போது உள்ளதா? தமிழ்நாட்டோடு அதற்குத் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு. 1965 ஏப்ரல் 15 அன்று உருவாக்கப்பட்ட அந்த ஸ்குவாட்ரன், ‘ஃப்ளையிங் புல்லட்ஸ்’ என்ற பெயரால் அறியப்படுகிறது. ஸ்ரீநகரில் முதலில் தரையிறங்கி அங்கிருந்து இயங்கியதால் ‘காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் காவலர்கள்’ என்ற சிறப்பும் அதற்கு உண்டு. நேட் காலம் முடிந்த பின் மிக்-27 விமானங்களை இயக்கிவந்த அது, 2015 நவம்பரில் குடியரசுத் தலைவரின் கொடி வழங்கிச் சிறப்பிக்கப்பட்டது. 2016 ஏப்ரல் 15 அன்று தற்காலிகமாகக் கலைக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் அந்த ஸ்குவாட்ரன் மீண்டும் உயிர்பெற்ற இடம் கோவையை அடுத்த சூலூர் விமானப்படைத் தளம். 2020 மே 27 அன்று அப்போதைய விமானப்படைத் தலைமைத் தளபதி பதௌரியா முன்னிலையில், உள்நாட்டில் உருவான தேஜஸ் விமானங்களுடன் அது செயல்படத் தொடங்கியது. தேஜஸ் விமானத்தை ஏற்ற இரண்டாவது ஸ்குவாட்ரன் இது. முதலாவதான 45-ஆம் ஸ்குவாட்ரனும் சூலூரிலிருந்தே இயங்கியது.

செகோன் ஓட்டிய நேட் பெங்களூரு எச்.ஏ.எல். நிறுவனத்தில் கட்டப்பட்ட வகை; அவருடைய ஸ்குவாட்ரன் பின்னர் ஏற்ற தேஜஸும் அதே நிறுவனத்தின் தயாரிப்பு. பரம் வீர் சக்ரா பெற்ற ஒரே விமானப்படை ஸ்குவாட்ரன் என்ற பெருமை 18-ஆம் ஸ்குவாட்ரனுக்கே உரியது.